ஆளுக்குப் பதினெட்டு

டன்கிளிஃப் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளியே இருப்பது நன்றாக ஓடும். உள்ளே இருப்பது ஓடாது. அரசாங்க அலுவல் எதுவானாலும் உள்ளே இருப்பதில்தான் செய்ய வேண்டும் என்பது விதி.

இந்த வசதியைச் செய்து கொடுத்தது பெருந்தோட்ட மெய்நிகர் சேவைகள் அதிகாரசபை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அப்படி ஒரு சபை இருப்பது, அது வந்து பெயர்ப்பலகை மாட்டும் வரை யாருக்கும் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்தார்கள். தொட்டில் கட்டும் கொக்கிகளைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். அதன் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதை இயக்க நிரோஷன். ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவன்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்களுக்குத் தனி விலாசம் கிடையாது. அவர்களுக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே பெட்டியில் கிடந்து, யாருக்காவது ஞாபகம் வந்தால் லயத்துக்கு வரும். விலாசம் இல்லாதவர்கள் நேரடியாக இணையத்துக்குள் நுழைந்தால், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் அவர்களுக்கென்றே கம்ப்யூட்டரின் திரையில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு கம்ப்யூட்டர். சபை அதை மெய்நிகர் கணினி என்றது. நிரோஷன் வேர்ச்சுவல் மெஷின் என்றான். கொழுந்து பறிக்கும் அந்தோனியம்மா முதல் தடவை பார்த்தபோதே வேறு மாதிரி சொன்னாள்.

"தொரை பங்களாவுக்குள்ள லயத்தக் கட்டி வச்சிருக்காங்க."

அந்தோனியம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்றால், அவளுடைய மகள் ஜெனுஷாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து அப்படி இடம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. 'சம்மதம்' என்று கையெழுத்திட்ட படிவத்தையும் சான்றிதழ்களையும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடிதத்தில் போட்டிருந்த தேதியிலிருந்து பார்த்தால் மூன்று வாரம் அவகாசம் இருந்தது. தோட்ட ஆபீஸ் பெட்டியில் கடிதம் இரண்டரை வாரம் ஓய்வெடுத்துவிட்டு, திங்கட்கிழமை லயத்துக்கு வந்து சேர்ந்தது.

"பஸ் ஏறிப் போயி நேர்லயே குடுத்துட்டு வந்துர்றேன்," என்றாள் ஜெனுஷா.

"தோட்டத்து ஆளுககிட்ட பேப்பரா வாங்க மாட்டாங்க," என்றான் நிரோஷன். "மெஷின் வழியாத்தான் வரணும்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை அந்தோனியம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. தாயும் மகளும் காலை எட்டரைக்கே பிள்ளைக்காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நிரோஷன் பெட்டியைத் திறந்தான். முதலில் தவிசாளரின் படம் வர வேண்டும். சபைத் தலைவரான தவிசாளர் மக்களை வரவேற்காமல் எந்தச் சேவையும் தொடங்கக் கூடாது என்பது சபைத் தீர்மானம். படம் மேலிருந்து கீழாக வந்தது. முதலில் முடி. கொஞ்ச நேரம் கழித்து நெற்றி. கண்ணாடி வந்தபோது அந்தோனியம்மா வெளியே போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்தாள். மீசை வந்து சேரப் பதினொரு நிமிஷம் ஆனது. மீசையோடு பொத்தான் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால் அதற்குக் கீழே தவிசாளர் எப்படி இருப்பார் என்று கீழ்ப்பிரிவில் ஒருவரும் அறியார்.

அதன் பிறகு படிவத்தை ஏற்ற வேண்டும். படிவம் தெளிவாக இருப்பதற்காக அது இரண்டு எம்.பி.க்குக் குறையக் கூடாது. பாதுகாப்புக்காக இருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் உள்ளே இருக்கவும் கூடாது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து பாதியைத் தாண்டியது. நூற்றுக்கு ஐம்பத்து மூன்றில் நின்றது. 'உங்கள் நேரம் முடிவடைந்தது' என்று எழுத்து வந்தது. மறுபடி தவிசாளரின் முடி.

அன்றைக்கு ஒன்பது தடவை பார்த்தார்கள். ஒன்பது தடவையும் ஐம்பத்து மூன்று. இதே நேரத்தில் வெளிக் கம்ப்யூட்டரில் நிரோஷனின் கிரிக்கெட் மேட்ச் ஒரு பந்துகூடத் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனுஷா அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள்.

"ஒரே வயர்தானே வருது அண்ணா? வெளிய இவ்வளவு ஓடுது, உள்ள மட்டும் ஏன் இப்படி?"

நிரோஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேட்சை மூடினான். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தான். அதன் நெட்வேர்க் கார்டைக் கழற்றி வேறு வகை கார்டு மாட்டுவதுபோல ஒன்று செய்தான். வெளிக் கம்ப்யூட்டர் வழியாகப் போகாமல் உள்ளே இருப்பதே நேரடியாக வெளியே பேசும்படி மாற்றிப் பார்த்தான். அந்த இடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். சபையின் அவசர இலக்கத்துக்கு அழைத்தான். முறைப்பாடுகளை மெய்நிகர் கணினி ஊடாகப் பதிவு செய்யும்படி ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் கேட்டுக்கொண்டது.

ஆனாலும் சபையைக் குறை சொல்லக் கூடாது. புதன்கிழமை பத்து மணிக்கு உதவிப் பணிப்பாளர் கணேசமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார். முறைப்பாட்டைக் கேட்டு வரவில்லை, அடுத்த வாரம் தவிசாளர் வரும் விழாவுக்கு இடம் பார்க்க வந்தவர். வந்த இடத்தில் விஷயத்தைக் கேட்டதும் தொழில்நுட்ப விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

முதலில் கூரைக்கு மேலே சாய்ந்திருந்த டர்பன்டைன் மரத்தின் இரண்டு கிளைகளை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். பிறகு வயரை நாடாவால் அளந்தார். அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு வெளிக் கம்ப்யூட்டரில் வேகத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். இருபத்திரண்டு எம்.பி. என்று வந்தது.

"பாருங்கள், வெளியே இருபத்திரண்டு," என்றார். "உள்ளே என்பது வெளியேயின் ஒரு பகுதி. ஆகவே உள்ளேயும் இருபத்திரண்டு."

"உள்ள வேலை செய்யலீங்க சேர்," என்றாள் அந்தோனியம்மா.

"வேலை செய்கிறது அம்மா. நீங்கள் அதை மெதுவாக உணர்கிறீர்கள். இணையம் கொடுப்பதாகத்தான் சபை வாக்குறுதி அளித்தது. கொடுத்துவிட்டோம். வேகம் என்பது ஓர் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புகளைக் கையாள எமக்குத் தனிப் பிரிவு இருக்கிறது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணுமுங்க. எம்புள்ள படிப்பு போயிருமுங்க சேர்."

கணேசமூர்த்தி இளகிய மனசுக்காரர். ஜெனுஷாவைப் பார்த்தார், சான்றிதழ்களைப் பார்த்தார், நல்ல பெறுபேறு என்று பாராட்டினார். பிறகு நிரோஷனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தீர்வு சொன்னார். மெய்நிகர் கணினி மெதுவாக இருக்கிறதா என்பதை மெய்நிகர் கணினியிடமே கேட்பது நியாயமில்லை. பக்கச்சார்பற்ற சாட்சி வேண்டும். ஆகவே அதற்குள்ளே இன்னொரு மெய்நிகர் கணினியை நிறுவி, அதிலிருந்து இதைக் கண்காணிக்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுவதும் அது நிறுவப்பட்டது. கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர், அதற்குள் கம்ப்யூட்டர். இப்போது தவிசாளர் இரண்டு தடவை வரவேற்றார். ஒருவரின் மீசை வருவதற்குள் இன்னொருவரின் நேரம் முடிந்தது. மாலை நான்கு மணிக்கு மூன்றாவது கம்ப்யூட்டர் தன் அறிக்கையைக் கொடுத்தது. எந்தக் குறைபாடும் காணப்படவில்லை.

கணேசமூர்த்தி அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்விட்டார். நிரோஷன் அந்த மூன்றாவதைப் பிடுங்கி எறிந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் நிரோஷன் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு போனான். சாம்பல் நிறத்தில், தொட முடியாதபடி, ஒரு வரி இருந்தது. உள்ளே போகும் இணையத்துக்கு ஓர் உச்ச அளவு போட்டு வைத்திருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன் அக்கா. குழாய அடைச்சு வச்ச மாதிரி இதுக்கு மேல போகாம அடைச்சிருக்காங்க. எவ்வளவு தெரியுமா? பதினெட்டு. இதெல்லாம் ஆயிரக்கணக்குல இருக்கணும். பதினெட்டுன்னு எவன் போடுவான்? இப்பிடி ஒரு நம்பரையே நான் கேள்விப்பட்டதில்ல."

அந்தோனியம்மா கேள்விப்பட்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக நாள் தவறாமல் கேள்விப்பட்டு வருகிறாள்.

"ஆளுக்குப் பதினெட்டு தம்பி. அது நம்ம பேருக்குள்ள கொழுந்து."

பதினெட்டு கிலோ பறித்தால் அன்றைக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். கம்ப்யூட்டருக்குள் இந்தப் பதினெட்டு எப்படிப் போனது என்பதற்கு நிரோஷன் சபையின் கோப்புகளைத் தேடி விளக்கம் கண்டுபிடித்தான். சபைக்கு 'ஒரே தரவு' என்று ஒரு கொள்கை இருந்தது. ஒரு தோட்டத்துக்கு ஒரே தகவல் தாள். அதில் 'ஓர் ஆளுக்கு' என்று ஒரே கட்டம். எதற்கெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று தேவைப்படுகிறதோ, எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். தாளை நிரப்பியவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சின்னராசா. அவர் முப்பது வருஷமாக எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டாலும் எழுதுகிற எண்ணை எழுதினார்.

அந்தோனியம்மா ஆபீசுக்கு ஓடினாள். ஜெனுஷா சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பெரிய கிளாக்கர் கெட்டவர் இல்லை. தோட்டத்தில் அப்படி ஒருவர் கிடைப்பதே பெரிய விஷயம். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தோனியம்மா, நீ என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? அளவக் கூட்டுங்கன்னு இந்த ஆபீசு வாசல்ல வந்து நின்ன மொத ஆளு நீதான். கூட்டாதீங்கன்னுதான் இத்தன காலமும் வந்து கத்துனீங்க."

"மலைக்கு இல்லீங்கய்யா. கம்ப்யூட்டருக்கு."

"தாள்ல ஒரு கட்டந்தானே இருக்கு! ரெண்டு வருசமா கம்பனி இருபதாக்கு, இருபதாக்குன்னு எழுதுது. ஆளுக கேக்கல, ஆளுக ஒத்துக்கலேன்னு சொல்லித்தான் நான் தள்ளிக்கிட்டு வாறேன். இப்ப நான் மாத்தணும்னா தொழிலாளி கேட்டதா ஒரு கடுதாசி வேணும். அத நீ குடுத்தா, அப்புறம் நான் என்னத்தச் சொல்லித் தள்ளுறது?"

அந்தோனியம்மா லயத்தை நினைத்துப் பார்த்தாள். அவளுடைய லயத்தில் மட்டும் பதினாறு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். பக்கத்து வீட்டு ராக்காயிக்குப் பதினெட்டு எடுப்பதற்கே நாக்குத் தள்ளுகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. 'வேண்டாம்மா' என்று ஜெனுஷா சொல்லியிருந்தால் அந்தோனியம்மா திரும்பியிருப்பாள். 'போடும்மா' என்று சொல்லியிருந்தால் பழியில் பாதியையாவது பங்கு போட்டிருக்கலாம். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்ப்யூட்டருக்கு மட்டும்னு எழுதிக் குடுக்குறேனுங்க."

"மட்டும்னு எழுத அதுல எடமில்ல, அந்தோனியம்மா."

அந்தோனியம்மா கையெழுத்துப் போட்டாள். பெரிய கிளாக்கர் பெருமூச்சு விட்டுத் தாளில் பதினெட்டை வெட்டி இருபது என்று எழுதினார்.

"இருபதா?" என்று ஜெனுஷா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஐயா, ஆயிரக்கணக்குல இருக்கணுமாம்."

"ஆயிரமா? எந்தப் பொம்பளையால பறிக்க முடியும்? நான் மனுசன் இல்லையா?"

அவர் மனசாட்சிக்கு விரோதமாக எதையும் எழுத மாட்டார். ஒரு பிரதியைச் சபைக்கு அனுப்ப ஜெனுஷாவிடம் கொடுத்தார். இன்னொரு பிரதி, வழக்கம்போல, கம்பனித் தலைமையகத்துக்குப் போகும் பையில் விழுந்தது. தோட்டத்து வான் இரண்டு மணிக்குப் புறப்பட்டது.

இரண்டேகாலுக்குப் பிள்ளைக்காம்பராவில் நிரோஷன் தாளைப் பார்த்தான். "இதையும் மெஷின் வழியாத்தான் அனுப்பணும். இதுவும் ரெண்டு எம்.பி. இருக்கணும். அனுப்புனாலும் மாத்த ஏழு வேலை நாள் ஆகும்னு போட்டிருக்கு." அவன் தாளை ஓரமாக வைத்துவிட்டு ஜெனுஷாவின் படிவத்தையே எடுத்தான்.

இரண்டு இருபதுக்கு முடி. இரண்டு முப்பத்தொன்றுக்கு மீசை. இரண்டு நாற்பதுக்கு ஐம்பத்து மூன்று. மறுபடி முடி. மூன்று மணிக்கு ஐம்பத்து மூன்று. மறுபடி. மூன்று இருபதுக்கும், மூன்று நாற்பதுக்கும் அப்படியே. கடைசித் தடவைக்கு நிரோஷன் எழுந்து நின்றுகொண்டே பொத்தானை அழுத்தினான். அந்தோனியம்மா மாதாவைக் கூப்பிட்டாள். நான்கு மணிக்குக் கோடு ஐம்பத்து மூன்றில் வந்து நின்றது. இந்தத் தடவை மறுபடி முடி வரவில்லை, வேறு எழுத்துகள் வந்தன.

'உங்கள் விண்ணப்பம் பகுதியளவில் கிடைக்கப்பெற்றது. எம்முடன் இணைந்தமைக்கு நன்றி.'

ஜெனுஷா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள். மடங்கியிருந்த ஒரு மூலையை நகத்தால் நீவிவிட்டாள். அந்தோனியம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். கணேசமூர்த்தி தன்னால் முடிந்ததைச் செய்தார். பெரிய கிளாக்கர் நல்ல மனுஷன். நிரோஷன் மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. எல்லோரும் நல்லவர்களாக இருக்க, பிள்ளையின் படிப்பு போய்விட்டது.

அடுத்த புதன்கிழமை விழா நடந்தது. சேவை நிலையத்துக்கு ஒரு வயது. தவிசாளர் நேரில் வந்தார். கார்க் கதவு திறந்து அவர் இறங்கியதும் கீழ்ப்பிரிவு மக்கள் முதன்முதலாக அவருடைய வாயைப் பார்த்தார்கள். அது உடனே பேசத் தொடங்கியது.

"அன்பார்ந்த மக்களே, இந்த மெய்நிகர் கணினிக்குள் எந்தத் தீங்கும் நுழைந்ததில்லை. ஏனென்றால் இதற்குள் எதுவுமே நுழைந்ததில்லை. உலகத்தில் எந்த நாட்டிலும் இந்தளவு பாதுகாப்பு இல்லை. கொழும்பில் இருப்பவர்கள் அவசரப்பட்டு எதையாவது அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். நீங்கள் அப்படி வருந்த வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் கடந்த வாரம் பெறப்பட்ட விண்ணப்பங்களில் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று வீதம் வெற்றி என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

கணேசமூர்த்தி கைதட்டினார். கடந்த வாரம் பெறப்பட்டது ஒரே ஒரு விண்ணப்பம். அதில் ஐம்பத்து மூன்று வீதம்.

அந்தோனியம்மா எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ஐயா, எம்மகளுக்கு அரைப்பேர் போட்டிருக்கீங்க. மலையில கொழுந்து கொறஞ்சா எங்களுக்கும் அரைப்பேர்தான். ஆனா அரைப்பேர் போட்டா அரைநாள் சம்பளமாச்சும் கையில தருவாங்க. மூணு வருசப் படிப்பு. ஒன்ற வருசத்தையாச்சும் எம்புள்ளைக்குக் குடுங்க."

தவிசாளர் உண்மையாகவே நெகிழ்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மிகச் சிறந்த யோசனை அம்மா. இப்படிப்பட்ட மக்களுக்காகத்தான் சபை இருக்கிறது. இதை ஒரு விண்ணப்பமாக அனுப்புங்கள்," என்று சொல்லி, எங்கிருந்து அனுப்ப வேண்டும் என்பதைக் கையால் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டில் கொக்கியில் சபையின் பலூன்கள் கட்டியிருந்தன.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கம்பனியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். தொழிலாளர்களின் எழுத்து மூலமான வேண்டுகோளுக்கு இணங்க, இன்று முதல் ஆளுக்கு இருபது. தாளாகப் போன பிரதிக்குப் பதில் வர ஆறு நாள்தான் ஆகியிருந்தது. சபைக்கு நிரோஷன் பிறகு அனுப்பிய பிரதியும் ஐம்பத்து மூன்றில் நின்றதால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்னமும் பதினெட்டுதான்.

அன்று சாயங்காலம் அந்தோனியம்மாவின் கொழுந்து பத்தொன்பது கிலோ நிறுத்தது. அரைப்பேர். அவளுக்குப் பின்னால் நின்ற ராக்காயிக்குச் சரியாகப் பதினெட்டு. ராக்காயி தராசையும் பார்த்தாள், அந்தோனியம்மாவையும் பார்த்தாள்.

"நீதான் எழுதிக் குடுத்தியாம்ல?"

"ஆமாக்கா."

ராக்காயி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தோனியம்மாவுக்கு முன்னால் நடந்து போனாள். அந்தப் பாதையில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நடப்பது வழக்கம்.

ஒருவர் அரைப்பேர் வாங்கும் வீட்டில் இன்னொருவர் சும்மா இருக்க முடியாது. திங்கட்கிழமை ஜெனுஷா பெரட்டுக்களத்துக்கு வந்தாள். கணக்கப்பிள்ளை அவளிடம் சான்றிதழ் கேட்கவில்லை. விலாசம் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார், எழுதினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.